டபுள் புரமோஷன் கேட்கலாமா? வகுப்பைத் தாண்டி ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

முப்பத்திரண்டு வருடம் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருடம் தலைமையாசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல், மே வந்தால் போன் வந்துவிடும்: "டீச்சர், பையனை ரெண்டாம் வகுப்பிலிருந்து நேரே நாலாம் வகுப்புல போடச் சொல்லலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்துச் சொன்னவை. என் பணிக்காலத்தில் வகுப்பு தாண்டிய பிள்ளைகள் மூன்று பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கு நன்றாக அமைந்தது, ஒருவனுக்கு அமையவில்லை. அவன் கதையும் கடைசியில் வருகிறது.

டபுள் புரமோஷன் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமையாக இல்லை.

ஒரு காலத்தில் இது பெரிய அதிசயமே இல்லை. 1888இல் பிறந்த சர் சி.வி. ராமன் மெட்ரிகுலேஷனை முடித்தபோது அவருக்கு வயது 11. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ. முடித்தபோது 16கூட நிரம்பவில்லை. இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எண் என்று பிள்ளை பள்ளிக்குள் நுழையும்போதே வயதும் வகுப்பும் சேர்த்து முடிச்சுப் போடப்படுகின்றன.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் "வயதுக்கேற்ற வகுப்பு" என்று ஒரு பேச்சு வருகிறது. அதைக் காட்டி "சட்டமே தடுக்குதுங்க" என்று சில பள்ளிகள் கையை விரிக்கும். அந்தப் பிரிவு பள்ளியில் சேராத பிள்ளையையும் இடையில் நின்ற பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்ப்பதற்காக எழுதப்பட்டது. முன்னால் ஓடும் பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் தனித்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் பாடப்பொருள் கொடுங்கள், மன்றம் வையுங்கள், செயல்திட்டம் கொடுங்கள் என்கிறது. வகுப்பு தாண்டுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே நடைமுறையில் முதல் முடிவு தலைமையாசிரியர், தாளாளர் கையில்தான் இருக்கிறது.

ஒரு கறாரான எல்லை மட்டும் உண்டு. சிபிஎஸ்இ-யில் ஒன்பதாம் வகுப்பு படித்துத் தேறியவர்தான் பத்தில் சேர முடியும், 11-12க்கும் அதே கதைதான். தாண்டுவதாக இருந்தால் எட்டாம் வகுப்புக்குள் தாண்டி முடித்திருக்க வேண்டும்.

என் பிள்ளை நிஜமாகவே மீத்திறன் குழந்தையா, இல்லை எங்கள் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

நல்ல கேள்வி. இதைக் கேட்கிற பெற்றோரைப் பார்த்தாலே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். கேட்காமல் சான்றிதழ் ஃபைலைத் திறப்பவர்களிடம்தான் கொஞ்சம் பயம்.

மூன்று வயதில் நூறு நாட்டுத் தலைநகரங்களை ஒப்பிப்பது நல்ல ஞாபகசக்தி. அபாகஸில் எட்டாம் லெவல் முடிப்பது நல்ல பயிற்சி. இரண்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் வகுப்பு தாண்டுவதற்கு இவை சாட்சி ஆகாது. நான் பார்ப்பது வேறு. சொல்லிக்கொடுக்காததைத் தானாகக் கண்டுபிடிக்கிறதா? ஒரு முறை சொன்னால் போதுமா? பதில் வந்த பிறகும் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா?

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கடன் வாங்கிக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். 42இல் 17 போக எவ்வளவு? எல்லாரும் பத்தைக் கடன் வாங்கிக்கொண்டிருக்க, இவள் சிலேட்டில் 25 என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிம்மா என்றேன். "ரெண்டுலேருந்து ஏழு போகாதுல்ல டீச்சர், அஞ்சு கடன். நாப்பதுல பத்து போனா முப்பது, முப்பதுல அந்த அஞ்சு கடனைக் கழிச்சேன்." குறை எண் என்ற பேச்சே அவள் காதில் விழுந்திருக்க வழியில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் அம்மாவை வரச் சொன்னேன். நான் சொன்ன மூவரில் அவள் ஒருத்தி.

ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. பள்ளியிடம் பேசும்போது கையில் ஒரு தாள் இருப்பது உதவும், அவ்வளவுதான்.

எடுப்பதானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் எடுங்கள். நம் நாட்டில் பினே-காமத், மாலின் சோதனைகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன, வெக்ஸ்லர் சோதனையும் உண்டு. சராசரி 100. 130க்கு மேல் என்றால் கிட்டத்தட்ட நூற்றில் இரண்டு பேர். பிள்ளைக்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்தால் வருகிற எண் அதன் ஆங்கிலத்தைத்தான் சொல்லும். ஐந்து வயதுக்குள் எடுத்த எண்ணைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு அந்த எண்ணைச் சொல்லவும் வேண்டாம்.

மொபைலில் பத்து நிமிடத்தில் வருகிற டெஸ்ட்? விட்டுத் தள்ளுங்கள்.

வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளை இரண்டாம் வகுப்பு என்றால், தாண்டப்போகிற மூன்றாம் வகுப்பின் மூன்றாம் பருவக் கணக்கையும் தமிழையும் எடுங்கள். முதல் பருவம் வேண்டாம், அதில் பாதி பழைய பாடம்தான். பயிற்சிக் கணக்குகளில் எண்ணை மாற்றி எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடுங்கள். சொல்லிக்கொடுக்காமல் கொடுக்க வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் சரியாக வந்தால் பேசலாம். பாதி வந்தால் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் அந்த வகுப்பில் படிக்க வேண்டியது இன்னும் பாதி இருக்கிறது.

அப்புறம், இன்னொன்று. எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த வகுப்பில் தாண்டுவது நல்லது?

ஒன்றிலிருந்து மூன்று, அல்லது இரண்டிலிருந்து நான்கு. அந்த வயதில் நட்பு ஒரு மிட்டாயில் முளைத்துவிடும். பாடத்தில் விட்டுப்போகும் துண்டும் சின்னது, கோடை விடுமுறையில் அடைத்துவிடலாம். ஐந்து முடித்து ஆறில் பள்ளி மாறும் நேரமும் பரவாயில்லை, எல்லாருக்கும் புது இடம் என்பதால் இவன் தனியாகத் தெரிய மாட்டான். ஆறுக்கு மேல் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

ஒரு வகுப்பு முழுவதும் தாண்டாமல், கணக்கு மட்டும் மேல் வகுப்பில் படிக்க முடியுமா?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. எல்லாரும் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

பெரும்பாலான பிள்ளைகள் எல்லாப் பாடத்திலும் சமமாக முன்னால் ஓடுவதில்லை. கணக்கில் ஐந்தாம் வகுப்பு, வாசிப்பில் நாலாம் வகுப்பு, எழுத்தில் இரண்டாம் வகுப்பு, ஷூ லேஸ் கட்டுவதில் யுகேஜி. அந்த மொத்த உருவத்தையும் தூக்கி மேல் வகுப்பில் வைத்தால் கணக்குப் பீரியடில் மட்டும் சரியாக இருக்கும், மற்ற ஏழு பீரியடிலும் மூச்சு வாங்கும்.

ஆஸ்திரேலியக் கணித மேதை டெரன்ஸ் டாவோவை அவருடைய பெற்றோர் இப்படித்தான் வளர்த்தார்கள். எட்டு வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக் கணக்கு, ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணக்கு வகுப்பு. ஆனால் மற்ற பாடங்களை அந்தந்தப் பாடத்துக்கு ஏற்ற வேகத்தில் கீழ் வகுப்புகளிலேயே படித்தார், பல்கலைக்கழகத்துக்கும் சில வருடங்கள் பகுதி நேரமாகவே போய்வந்தார். 1988இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 13. அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் பெற்றோர் அவசரப்படவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

நம் ஊரில் இதற்கு ஒரே தடை டைம்டேபிள். மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் பீரியட் இருந்தால் வேலை முடிந்தது: பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டு வருவான். என் பள்ளியில் இதைச் செய்திருக்கிறோம். எந்த அலுவலகத்துக்கும் கடிதம் எழுதவில்லை, எந்தப் பதிவேட்டிலும் மாற்றம் இல்லை. பரீட்சை மட்டும் அவனவன் வகுப்பில். ஒரு வருடம் இப்படி ஓடட்டும், முழு வகுப்பும் தாண்டலாமா என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. டபுள் புரமோஷனில் அந்த வசதி கிடையாது.

பள்ளியில் யாரிடம் எப்படிக் கேட்பது?

வகுப்பாசிரியரிடம் தொடங்குங்கள். அவரைத் தாண்டி நேரே தாளாளரிடம் போனால், அந்த ஆசிரியர் நாளைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "என் பையனுக்கு உங்கள் பாடம் போதவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஆசிரியரும் அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்க மாட்டார். "வீட்டில் மேல் வகுப்புக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறான், வகுப்பில் எப்படி இருக்கிறான் மிஸ்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே புதுச் செய்தி கிடைக்கும்.

பிறகு எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். இந்த அளவுக்கு எழுதினால் சரி:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறாள். மூன்றாம் வகுப்புக் கணக்கின் மூன்று பருவங்களையும் தானாகவே முடித்துவிட்டாள். அவள் எழுதிய தாள்களை இணைத்துள்ளோம். வகுப்பில் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருப்பதாக வகுப்பாசிரியையும் சொன்னார். பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாளை அவளுக்குக் கொடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முடிவைப் பார்த்து, கணக்குப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் அமர அனுமதிப்பதா, அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பில் சேர்ப்பதா என்று தாங்களே ஆலோசனை சொல்ல வேண்டும்."

கவனித்தீர்களா, இதில் "மேதை" என்ற வார்த்தை இல்லை. சோதித்துப் பாருங்கள் என்ற வேண்டுகோள்தான் இருக்கிறது. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கடிதத்தைப் படிப்பதற்கும், பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டு எழுதிய மூன்று பக்கத்தைப் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம். பேச வேண்டிய மாதம் பிப்ரவரி. ஜூன் மாதம் பிரிவு பிரித்து, புத்தகம் கொடுத்து, எமிஸில் ஏற்றிய பிறகு வந்து நின்றால் நல்ல மனசுள்ளவருக்கும் எரிச்சல்தான் வரும்.

பள்ளி மறுத்துவிட்டால்?

ஏன் என்று கேளுங்கள். "எழுத்து வேகம் போதாது" என்றால் அது உண்மையான காரணம், ஆறு மாதத்தில் சரிசெய்யலாம். "வழக்கம் இல்லை" என்றால் பாட அளவில் மட்டும் கேளுங்கள். அதற்கும் மறுத்தால், முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து கொண்டுவரும் புத்தகத்தைப் படிக்க அனுமதி கேளுங்கள். இதற்கும் ஒரு பள்ளி இல்லை என்று சொன்னால் பள்ளி மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மாறும்போது மாற்றுச் சான்றிதழில் எந்த வகுப்புக்குத் தகுதி என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்து வாங்குங்கள். புதுப் பள்ளி பார்ப்பது அதைத்தான்.

வகுப்பு தாண்டினால் நீட் எழுத முடியாது என்கிறார்களே?

எழுத முடியாது என்றில்லை, ஒரு வருடம் காத்திருக்க நேரலாம். விதி இது: மருத்துவப் படிப்பில் சேரும் வருடத்தின் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2015 ஜூனில் பிறந்த பிள்ளை. தமிழ்நாட்டு வழக்கப்படி ஐந்து முடிந்ததும் 2020இல் ஒன்றாம் வகுப்பு. 2032 மார்ச்சில் பிளஸ் டூ முடிக்கும், அந்த ஜூனில் 17 ஆகிவிடும். பிரச்சினை இல்லை. அதே பிள்ளை ஒரு வகுப்பு தாண்டினால் 2031இல் பிளஸ் டூ முடியும். அந்த டிசம்பரில் வயது 16 தான். தாண்டிச் சேமித்த வருடத்தை நீட் வாசலில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆறு முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் பள்ளி என்றால் கதை வேறு. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் அப்படித்தான், மார்ச் 31க்குள் ஆறு முடிந்திருக்க வேண்டும். அங்கே அதே பிள்ளை 2022இல் ஒன்றாம் வகுப்பு. ஒரு வகுப்பு தாண்டினாலும் 2033இல்தான் பிளஸ் டூ, அந்த ஜூனில் 18. தடை இல்லை.

பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஜே.இ.இ. மெயினுக்குக் குறைந்தபட்ச வயது வைக்கவில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று இப்போதே யார் கண்டது?

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு என்ன வழி?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் குறைவு.

முதலில் நல்ல செய்தி. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே பாடம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரி. மலர் நிலையையும் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைக்கு "இதற்கு மேல் என்ன கொடுக்கலாம் டீச்சர்?" என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை, அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்கும் வானவில் மன்றம் இருக்கிறது. ஒன்பதுக்கு மேல் மாவட்டம்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை, ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு.

இப்போது எச்சரிக்கை. வகுப்பு தாண்ட வைப்பதாகச் சொல்லும் தனியார் பள்ளிக்கு ஆசைப்பட்டு, ஏழாம் எட்டாம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிக்குள்ளேயே தாண்டினாலும், ஆறுக்கு மேல் என்றால், விட்டுப்போன வகுப்புக்குப் படிப்புச் சான்று எப்படித் தருவார்கள் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டுக்கும் வகுப்பு வாரியாகச் சான்று கேட்கிறார்கள். ஒரு வருடம் மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவையும் இழப்பதா?

மீத்திறன் குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறதா?

புனேயில் ஞானப் பிரபோதினி என்ற அமைப்பு 1962இல் தொடங்கப்பட்டது. மீத்திறன் பிள்ளைகளுக்கென்றே 1969 முதல் பள்ளி நடத்துகிறது, ஐந்தாம் வகுப்பில் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. கிராமத்துத் திறமைசாலிப் பிள்ளைகளுக்காக வந்த நவோதயா பள்ளிகளைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. பக்கத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கின்றன.

இங்கே "கிஃப்டட்" என்ற பலகை மாட்டிய கட்டணப் பள்ளியைப் பார்த்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக் கணக்கு போட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" ரோபோட்டிக்ஸ் லேபைச் சுற்றிக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்துச் சீக்கிரம் முடிக்கலாமா?

பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15 வயது என்று அங்கேயும் கீழ் வரம்பு உண்டு. பத்து வயதில் பத்தாம் வகுப்பு நடக்காது. ஆனால் தன் வேகத்தில் வீட்டில் படித்துவிட்டு 14இல் எழுதலாம், பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். செஸ், இசை என்று நாள் முழுக்க வேறொன்றில் இறங்கிய பிள்ளைகளுக்கு இது தோது. உலக செஸ் சாம்பியன் குகேஷ் நாலாம் வகுப்போடு முழு நேரப் பள்ளியை விட்டவர் என்பதை எல்லாரும் என்னிடம் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அவர் பள்ளியை விட்டது ஒரே ஒரு வேலைக்காக, அந்த வேலை ஏற்கெனவே கண்முன்னே இருந்தது. பள்ளி அலுப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விடுவது வேறு கதை. வீட்டில் யார் தினமும் ஆறு மணி நேரம் கூட இருப்பது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். அந்தப் பதில் பெரும்பாலும் "அம்மா" என்றுதான் வருகிறது, அம்மாவைக் கேட்காமலே.

மேல் வகுப்பில் பிள்ளைக்கு எது கஷ்டமாக இருக்கும்? பாடமா, நண்பர்களா?

கையெழுத்து.

சிரிக்காதீர்கள். மேலே சொன்ன பெண், இரண்டிலிருந்து நேரே நாலாம் வகுப்புக்குப் போனாள். கணக்கில் ஒரு தொல்லையும் இல்லை. சமூக அறிவியல் டீச்சர் போர்டு நிறைய எழுதிப்போடுவார். மற்றவர்கள் முடித்து நோட்டை மூடும்போது இவள் மூன்றாவது வரியில் இருப்பாள். நான்கு கோடு நோட்டில் எழுதிப் பழகிய விரல் திடீரென்று ஒற்றைக் கோட்டுக்கு வந்தால் எழுத்து மேலும் கீழும் மிதக்கும். போர்டை அழித்துவிடுவார்கள். மத்தியானம் சாப்பிடாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள், டிபன் பாக்ஸில் புளிசாதம் அப்படியே இருந்தது. எட்டு வயதுக் கை ஒன்பது வயதுக் கைக்கு ஈடு கொடுக்க முடியாது. மூன்று மாதம் அவளுக்கு நோட்டில் பாதி எழுதினால் போதும் என்று டீச்சர்களிடம் சொல்லி வைத்தேன். தீபாவளிக்குப் பிறகு சரியாகிவிட்டது. அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். தாண்டுவதாக முடிவெடுத்தால் கோடை விடுமுறையில் கணக்கை விடுங்கள், தினம் அரைப் பக்கம் பார்த்து எழுதட்டும்.

நண்பர்கள் விஷயத்தில் சின்ன வகுப்பில் பயமே வேண்டாம். தெருவில் விளையாட பழைய கூட்டம் இருக்கும். விளையாட்டுப் போட்டிகளும் வயதை வைத்துத்தான் நடக்கின்றன, வகுப்பை வைத்து அல்ல. ஏழு, எட்டாம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் வரும். கூடப் படிக்கிறவர்கள் பெரிய பெண்ணாகி, பேச்சு மாறி, தனியாகக் கூடிக் குசுகுசுவென்று பேசும்போது இவள் இன்னும் சின்னப் பெண்ணாகவே நிற்பாள். அம்மா முன்கூட்டியே எல்லாவற்றையும் பேசி வைத்தால் அது ஒரு வருடப் பாடு.

அக்கா படிக்கும் வகுப்புக்கே தம்பி போவதாக இருந்தால்?

வேண்டாம். வகுப்பு தாண்ட வைப்பதா என்று முடிவெடுக்க அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். அதில் மற்ற எதிலும் எவ்வளவு மதிப்பெண் வந்தாலும், உடன்பிறந்தவர் அந்த வகுப்பில் இருந்தால் தாண்ட வைக்காதீர்கள் என்று இருக்கிறது. பிள்ளைக்கே விருப்பம் இல்லை என்றாலும் அதே முடிவுதான். நம் வீடுகளில் இந்த இரண்டாவதை யாரும் கேட்பதே இல்லை. அக்காவின் முகத்தை நினைத்துப் பாருங்கள், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளியில் நடத்தும் ஒலிம்பியாடுகளில் எல்லாம் தங்கம் வாங்குகிறாள். அது போதாதா?

கட்டணம் கட்டி எழுதும் பல ஒலிம்பியாடுகளில் வகுப்புக்கு வகுப்பு பதக்கம் உண்டு. பழக்கத்துக்கு நல்லது, அவ்வளவே. இந்தியாவைச் சர்வதேசப் போட்டிக்கு அனுப்பும் கணித ஒலிம்பியாட் வரிசை வேறு. அதன் முதல் படி ஐஓக்யூஎம் என்ற தேர்வு. எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம், கேள்விகளைப் பார்த்தால் பெரியவர்களுக்கே வியர்க்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும், பத்து வயதிலிருந்து குழந்தைகள் அறிவியல் மாநாடும் நல்ல தீனி. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. சனிக்கிழமை கூட்டிப்போய் விட்டுவிட்டு நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வகுப்பில் சேட்டை தாங்க முடியவில்லை என்று புகார் வருகிறது. புத்திசாலியாக இருப்பதால்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கஷ்டமான வேலை கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அலுப்பு. அப்போதும் முடியவில்லை என்றால் கவனக்குறைபாடு உண்டா என்று குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. வாயால் அற்புதமாகப் பதில் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் எழுத்துகளைக் குழப்பும் பிள்ளையை "சோம்பேறி" என்று நாங்கள் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். டிஸ்லெக்சியா என்ற வார்த்தை எங்கள் பள்ளிக்கு வந்தது ரொம்பத் தாமதம்.

எப்போதும் முதல் ரேங்க் வாங்கியவன் தாண்டிய பிறகு பன்னிரண்டாவது ரேங்குக்கு வந்துவிட்டான். தப்பு செய்துவிட்டோமா?

பன்னிரண்டாவது ரேங்க் வந்தால் தாண்டியது சரியாகத்தான் வேலை செய்கிறது. இத்தனை நாள் அவன் படிக்காமலே முதல் ரேங்க் வாங்கிக்கொண்டிருந்தான், இப்போதுதான் படிக்கிறான். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, காலையில் பள்ளிக்குப் போக அழுகிறானா என்று பாருங்கள். ரேங்க் கார்டை உறவுக்காரர்களிடம் காட்டும் பழக்கத்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அக்‌ஷய் வெங்கடேஷ் ஆஸ்திரேலியாவில் 13 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போனவர், 2018இல் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். பெற்றோர் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. அவர் சர்வதேச ஒலிம்பியாடுகளில் வாங்கியவை வெண்கலம் என்பது தெரிவதில்லை.

ஒத்துவரவில்லை என்றால் பழைய வகுப்புக்கே திரும்பலாமா?

முதல் பருவம் முடிவதற்குள் என்றால் திரும்பலாம். அதனால்தான் "ஒரு பருவம் பார்ப்போம்" என்று முதலிலேயே பள்ளியோடும் பிள்ளையோடும் பேசி வையுங்கள். திரும்புவது தோல்வி இல்லை என்று பிள்ளைக்குத் தாண்டுவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும், பின்னால் சொன்னால் நம்பாது.

நான் முதலில் சொன்ன மூன்றாவது பையன், ஆறிலிருந்து எட்டுக்குப் போனவன். அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதுபவர், பையன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே பின்னமும் சதவிகிதமும் கற்றுக்கொண்டவன். அவரும் கேட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். கணக்கில் நூறு. அறிவியலில் ஏழாம் வகுப்புப் பாடம் முழுசாக விட்டுப்போயிருந்தது, அதை நான் யோசிக்கவில்லை. அரையாண்டில் அறிவியலில் 31. கூடப் படித்த பையன்கள் "ஜம்ப்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஜனவரியில் வயிற்றுவலி என்று வாரத்தில் மூன்று நாள் லீவு. ஏழாம் வகுப்புக்கு மாற்றுகிறேன் என்றேன், அதே பள்ளியில் கீழே இறங்கி உட்கார மாட்டேன் என்றுவிட்டான். ஜூனில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தார்கள். மாற்றுச் சான்றிதழில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவன் அப்பா அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "உங்களைக் குத்தம் சொல்லல டீச்சர், நான்தானே கேட்டேன்" என்றார். பையன் வெளியே சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை.